வெடித்தது, புகைந்தது, நின்றுபோனது: காரைக்குடிப் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டுவதும் போர்டு சர்வீசும் சேர்த்துச் செய்கிற சின்னப் பட்டறை என்னுடையது. இரும்பும் கல்லும் அறுக்கிற கை கிரைண்டர், டிரில்லிங் மெஷின், மார்பிள் கட்டர், மிக்ஸி, இன்வெர்ட்டர், கோயில் மைக்செட் ஆம்ப்ளிஃபயர் என எது புகைந்தாலும் என் மேசைக்கு வந்து சேரும். பொருள் மாறுகிறதே தவிர கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம், அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

"படார்னு ஒரு சத்தம், அப்புறம் ஒண்ணுமே ஓடலை. எது வெடிச்சிருக்கும்?"

பெரும்பாலும் மூன்றில் ஒன்று. உருளையாக அலுமினியத் தொப்பி போட்ட எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர், வோல்டேஜ் திடீரென்று எகிறும்போது அதைத் தான் வாங்கிக்கொள்கிற, நீலத்திலோ மஞ்சளிலோ வட்டவில்லை போல இருக்கிற எம்ஓவி, சூட்டை இழுக்கிற உலோகத் தகட்டில் (ஹீட்சிங்க்) திருகப்பட்ட, கரண்டைச் சுவிட்ச் மாதிரி திறந்து மூடுகிற மாஸ்ஃபெட். கண்டென்சர் வெடித்தால் உள்ளே காகிதமும் ஜரிகை மாதிரி அலுமினியத் தாளும் சிதறிக் கிடக்கும், ஒரு புளித்த வாடை வரும். எம்ஓவி என்றால் கரி படிந்து பாதியாகப் பிளந்திருக்கும். மாஸ்ஃபெட் தன் கறுப்பு மேல்தோலில் ஒரு பள்ளத்தைப் பறித்துக்கொண்டு போயிருக்கும், சில சமயம் வெளியே ஒன்றுமே தெரியாது, மீட்டர் வைத்தால்தான் மூன்று காலும் ஒன்றோடு ஒன்று ஷார்ட் என்று காட்டும்.

"வெடிச்சதை மட்டும் மாத்திட்டா போதும்தானே?"

போதாது. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த முக்கியமான விஷயம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்: வெடித்து விழுந்தது பெரும்பாலும் பலியாள், கொன்றவன் வேறு எங்கோ இருப்பான். இன்வெர்ட்டரில் மாஸ்ஃபெட் போய்விட்டது என்று கொண்டுவருவார்கள். புதிதாகப் போட்டு ஆன் செய்தால் ஒரு வாரம் ஓடும், மறுபடி போகும். திறந்து நிதானமாகப் பார்த்தால் குளிர்விக்கிற குட்டி ஃபேன் தூசி அடைத்துச் சுற்றாமல் நிற்கும், அல்லது மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடச் சொல்கிற 'கேட்' காலுக்குப் போகிற சின்ன ரெசிஸ்டர் உள்ளே அறுந்துபோயிருக்கும். ஒருமுறை போர்டில் இரண்டு செம்புத் தடங்களுக்கு நடுவே ஒரு பல்லி கருவாடாக ஒட்டிக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டர் பெட்டியின் கதகதப்பு பல்லிக்கு ரொம்பப் பிடிக்கும். பல்லி என்ன பலன் சொல்லும் என்று பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரிந்த பலன் நானூறு ரூபாய்ச் செலவு.

"கண்டென்சர் ஏன்தான் வெடிக்குது?"

கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது நம் ஊர் சங்கதியும்கூட. எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்குள் இருப்பது சுருட்டிய அலுமினியத் தாள், அதன் மேல் மின்சாரத்தால் வளர்த்த ஒரு ஆக்சைடு படலம், நடுவில் ஒரு திரவத்தில் நனைந்த காகிதம். அந்தப் படலம்தான் மின்சாரத்தைத் தடுத்து நிற்கிறது. ஒரு வோல்ட்டைத் தாங்க ஒரு நானோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தடிமன் போதும், அப்படியென்றால் 450 வோல்ட் கண்டென்சரில்கூடப் படலம் ஒரு மைக்ரானை எட்டாது. பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தாலோ, அளவுக்கு மேல் வோல்டேஜ் ஏறினாலோ அந்தப் படலம் உடைகிறது, கரண்ட் குறுக்கே பாய்கிறது, திரவம் கொதிக்கிறது, வாயு சேர்கிறது. மேல் தொப்பியில் கூட்டல் குறி மாதிரி கீறி வைத்திருப்பது அழகுக்கு இல்லை, அந்த அழுத்தம் அந்தக் கோட்டில் கிழித்துக்கொண்டு வெளியேறட்டும் என்றுதான். தொப்பி லேசாக உப்பியிருந்தாலே கண்டென்சருக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தொழில் பழகிய காலத்தில் 2,200 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் ஒன்றைத் தலைகீழாக சால்டர் செய்துவிட்டேன். சுவிட்சைப் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை, குனிந்து பார்த்தேன். குனிந்த அந்த நேரத்தில் நெற்றிக்கு அரை அடி தள்ளித் தொப்பி பறந்து டியூப்லைட் பட்டியில் அடித்தது. காதில் ஒரு மணி நேரம் ரீங்காரம். காகிதத் துணுக்கு தலைமுடியில் பூப்போட்ட மாதிரி இருந்ததாக முதலாளி அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், அப்புறம் கண்ணுக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். போர்டுக்கு முதல்முறை கரண்ட் கொடுக்கும்போது முகத்தை அதற்கு நேராக வைக்கக் கூடாது என்பதை நான் கற்றது அப்படித்தான்.

நம் ஊர் சங்கதி என்றேனே. அலுமினியத்தின் மேல் படலம் வளர்ப்பது மின்வேதியியல். அதற்கென்றே ஒரு தேசிய ஆய்வகம், நாம் சிக்ரி என்று கூப்பிடுகிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம், இங்கேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அந்த மதிலைத் தாண்டித்தான் வெடித்த கண்டென்சரை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வருகிறீர்கள்.

"வருஷக்கணக்கா பூட்டிக் கிடந்த வீடு. கல்யாணத்துக்குத் திறந்திருக்கோம். பழைய ரேடியோவைப் போடலாமா?"

போடாதீர்கள். செட்டிநாட்டுக்கே உரிய கேள்வி இது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் விசேஷத்துக்கு மட்டும் வந்து பெரிய வீட்டைத் திறக்கிறார்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆன் செய்கிறார்கள். கரண்டே பார்க்காமல் கிடக்கிற கண்டென்சரில் அந்த ஆக்சைடு படலம் மெல்ல மெல்லத் தேய்கிறது. திடீரென்று முழு வோல்டேஜ் விழுந்தால் தாங்காது.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. பட்டாலையில் மேசைமேல் ஒரு வால்வு ரேடியோ, துணி போர்த்தியிருந்தது. "ஐயா மலேயாவிலேருந்து கொண்டாந்தது தம்பி, கல்யாணத்தன்னைக்கி பாடணும்" என்று ஆச்சி பிளக்கைக் கையில் எடுத்துவிட்டார். "ஆச்சி, கொஞ்சம் பொறுங்க, சொருகாதீங்க" என்று கிட்டத்தட்டக் கத்தினேன். பின்பலகையைக் கழற்றினால், பெரிய கண்டென்சரின் அடியில் வெள்ளையாகப் பூத்து உப்பு படிந்திருந்தது, பக்கத்தில் மெழுகுக் காகிதக் கண்டென்சர்கள் உருகி ஒழுகியிருந்தன. சொருகியிருந்தால் கண்டென்சர் மட்டும் இல்லை, டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து புகைந்திருக்கும், அதற்கு மாற்று எந்தக் கடையிலும் கிடைக்காது.

இரண்டு மூன்று வருஷம் கிடந்த ஆம்ப்ளிஃபயர் என்றால், கண்டென்சரைத் தனியாகக் கழற்றி ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக டிசி ஏற்றி, கசிகிற கரண்ட் குறைகிற வரை காத்திருந்து படலத்தைத் திரும்ப வளர்க்கலாம். நாற்பது வருஷம் கிடந்தது என்றால் நான் அந்தப் பொறுமையைக் காட்டுவதில்லை. பழைய டப்பாவை அழகுக்கு மேலே விட்டுவிட்டுப் புதியதை அடியில் ஒளித்து வைத்துவிடுவேன். ஆச்சியின் ரேடியோவுக்கும் அப்படித்தான் செய்தேன். மீடியம் வேவில் ஒரே இரைச்சல், நடுவில் ஏதோ ஒரு பேச்சுக் குரல். ஆச்சிக்கு அதுவே போதுமாக இருந்தது.

"ஒரே நேரத்துல டிவி, பிரிட்ஜ், பல்பு எல்லாம் போச்சு. இடி விழலை. எப்படி?"

நியூட்ரல் கட். தெருவில் வருகிறது கரண்ட் கொண்டுவருகிற மூன்று ஃபேஸ் கம்பியும், அது திரும்பிப் போகிற ஒரு நியூட்ரல் கம்பியும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட், ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவில் 400 வோல்ட்டுக்கு மேல். நியூட்ரல் இணைப்பு எங்கேயாவது விட்டுப்போனால் உங்கள் வீடும் இன்னொரு ஃபேஸில் இருக்கிற பக்கத்து வீடும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. அவர் வீட்டில் அயர்ன்பாக்ஸ் ஓடுகிறது, உங்கள் வீட்டில் ஒரு டிவி மட்டும் என்றால், லோடு குறைந்த உங்கள் பக்கம்தான் வோல்டேஜ் எகிறும். 230 வோல்ட் ஏசி டிவிக்குள் டிசி ஆகும்போது சுமார் 325 வோல்ட், உள்ளே 400 அல்லது 450 வோல்ட் கண்டென்சர் போட்டிருப்பார்கள். 400 வோல்ட் ஏசி வந்தால் அது 565. அப்புறம் என்ன, படார்தான்.

வீட்டுக்கே மூன்று ஃபேஸ் இருந்தால் ஒரு அறிகுறி தெரியும், முகப்பில் பல்பு கண்ணைப் பறிக்கிற மாதிரி எரியும், உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் மினுக்கென்று இருக்கும். யோசிக்காமல் மெயினை அணைத்துவிட்டு லைன்மேனைக் கூப்பிடுங்கள். எம்ஓவி இருக்கிறதே காப்பாற்றாதா என்று கேட்பார்கள். அது இடி மின்னல் நேரத்து நொடிக்கும் குறைவான தாக்குதலுக்கு ஆனது, நிமிஷக்கணக்கில் 400 வோல்ட்டைக் குடிக்க அதால் முடியாது. தான் செத்து ஷார்ட் ஆகி ஃபியூஸை ஊதிவிடும், அதுதான் அதன் வேலை.

"ஃபியூஸ் அடிக்கடி போகுது, தடிமனான கம்பி போட்டுக்கலாமா?"

வீட்டைக் கொளுத்த வேறு சுலபமான வழிகள் இருக்கின்றன.

"கிரைண்டர் உள்ளே நெருப்பு வளையம் மாதிரி தெரியுது. கார்பன் மாத்தினா சரியாயிருமா?"

கார்பன் பிரஷ் உரசுகிற இடத்தில் சின்னச் சின்ன நீலப் பொறி வருவது சகஜம். புதுக் கார்பன் போட்டால் அது கம்யூட்டேட்டரில், அதாவது அது உரசுகிற செம்புப் பட்டை உருளையில், படிந்து உட்காரும் வரை, லோடு இல்லாமல் சில நிமிஷம் ஓட விடுங்கள். ஆனால் பொறி ஆரஞ்சு நிறத்தில் கம்யூட்டேட்டரைச் சுற்றி முழு வளையமாக ஓடினால் ஆர்மேச்சர் என்கிற சுற்றும் பாகத்தில் ஏதோ ஒரு காயில் ஷார்ட் ஆகியிருக்கிறது அல்லது விட்டுப்போயிருக்கிறது. கம்யூட்டேட்டரின் செம்புப் பட்டைகளில் ஒன்றிரண்டு மட்டும் கருத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். கார்பனை எத்தனை தடவை மாற்றினாலும் ஒரு நாள்கூட நிற்காது. கார்பன் நீளம் மூன்றில் ஒரு பங்கு ஆனதும் மாற்றியிருந்தால் இந்த நிலைமைக்கு வந்திருக்காது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கார்பன் தீர்ந்து ஸ்பிரிங்கே செம்பை உரசி வாய்க்கால் வெட்டிய மெஷின்கள் மாதம் ஒன்றாவது வருகிறது.

"புது மெஷின்தான், நல்ல மெஷின்தான், ஒரே மாசத்துல காயில் கருகிருச்சு. டூப்ளிகேட்டா?"

இருக்கலாம். ஆனால் முதலில் எக்ஸ்டென்ஷன் ஒயரைக் காட்டுங்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயர் 30 மீட்டர் என்றால் போக வர 60 மீட்டர், அதன் தடை ஒரு ஓமுக்குச் சற்று மேல். கட்டர் 10 ஆம்பியர் இழுத்தால் 11 வோல்ட் ஒயரிலேயே போய்விடும், 110 வாட் சூடு வெளியே வரும். ஒயரை விரித்துப் போட்டால் தெரியாது, சுருளாகவே வைத்துக்கொண்டு வேலை செய்தால் சுருளுக்கு நடுவே இன்சுலேஷன் உருகி ஒட்டிக்கொள்ளும். மேலே செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயர் என்றால் இன்னும் மோசம். வோல்டேஜ் குறைந்தால் மெஷின் சோர்ந்து சுற்றும், வேலை ஆகவில்லையே என்று ஆள் இன்னும் அழுத்துவார், கரண்ட் ஏறும், அதே தண்டில் இருக்கிற ஃபேன் மெதுவாகச் சுற்றுவதால் காற்றும் குறையும். வார்னிஷ் வாடை வந்த பிறகுதான் நிறுத்துவார்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் வாங்குங்கள்.

"ஆத்தங்குடிக் கல் வெட்டுற கட்டர் மட்டும் ஏன் சீக்கிரம் போகுது?"

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை, கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவது. வெட்டும்போது பறப்பது சிமெண்டும் மணலும். மோட்டார் பின்பக்கம் காற்றை இழுக்கும்போது அதையும் சேர்த்து இழுத்து, காயில் கம்பியின் எனாமலை உப்புத்தாள் போட்ட மாதிரி தேய்த்துவிடுகிறது. சிலர் தூசி போகாமல் இருக்கக் காற்றுத் துளையில் துணி கட்டுகிறார்கள், தூசி நிற்கும், காற்றும் நிற்கும், காயில் வெந்துவிடும். வேலை முடிந்ததும் லோடு இல்லாமல் ஓடவிட்டு பிளோயரால் ஊதுங்கள், அவ்வளவுதான். தண்ணீர் விட்டு வெட்டுகிறவர்கள் கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இல்லாத லைனில் கையை வைக்காதீர்கள். பழைய வீடுகளில் எர்த்தே கிடையாது என்பது உங்களுக்கே தெரியும்.

"டிஸ்க் தானா வெடிக்குமா?"

தானாக இல்லை, நாம் வெடிக்க வைக்கிறோம். 4 இஞ்ச் டிஸ்க் நிமிஷத்துக்கு 11,000 சுற்றில் ஓடும்போது விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. டிஸ்க்கின் மேல் நொடிக்கு 80 மீட்டர், 15,300 சுற்று வரை என்று அச்சிட்டிருக்கும், அதனால் பயம் இல்லை. பெரிய டிஸ்க்கின் எண் அப்படி இருக்காது, 7 இஞ்ச் டிஸ்க் தாங்குவது 8,500 சுற்றுதான். தேய்ந்த பெரிய டிஸ்க்கை ஓட்டை சரிக்கட்டி, டிஸ்க்கை மறைக்கிற காப்பு மூடியைக் கழற்றி, சின்ன மெஷினில் மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நடு வளையத்தில் மாதமும் வருஷமும் அடித்திருக்கும், அது காலாவதித் தேதி, வழக்கமாகத் தயாரித்து மூன்று வருஷம். பிசினால் ஒட்டிய சக்கரம் அது, ஈரம் குடித்தால் பலம் போய்விடும். கீழே விழுந்த டிஸ்க்கையும் மாட்டாதீர்கள், விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

"பர்மா தேக்கு அறுக்க கிரைண்டர்ல பல் பிளேடு போடலாமா?"

கூடாது. பழைய நிலை, தூண், ஜன்னல் எல்லாம் வாங்கி அறுத்து வேறு சாமான் செய்கிறவர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். நூறு வருஷத் தேக்குக்குள் எங்கே கையால் அடித்த ஆணி புதைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பல் அதில் மாட்டினால் மெஷின் கையை உதறிக்கொண்டு பின்னால் துள்ளும், பெரும்பாலான கிரைண்டர் சுவிட்ச் தள்ளினால் தள்ளினபடியே நிற்கிற வகை, விட்டாலும் அணையாது. என் பட்டறைக் கதவுப் பலகையில் ஒரு பிளேடுப் பல் இன்னும் குத்திக்கொண்டு நிற்கிறது. ரிப்பேர் ஆகிவிட்டதா என்று இங்கேயே மரத்தை வைத்துச் சோதித்துப் பார்த்தார் ஒருவர். நான் பிடுங்கவில்லை, கேட்கிறவர்களுக்குக் காட்ட வசதியாக இருக்கிறது. மரத்துக்கு வட்ட ரம்ப மெஷின் இருக்கிறது, அதற்கு முன் ஆணி தேட ஒரு நல்ல காந்தம் போதும்.

"மிக்ஸி அரைக்கும்போதே நின்னு போச்சு."

கவிழ்த்து அடியில் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். அதற்கு முன் கால் மணி நேரம் ஆற விடுங்கள். வறுத்த மிளகாயும் மல்லியும் ஒரே ஈடாகக் கொட்டி ஐந்து நிமிஷம் விடாமல் ஓட்டினால் எந்த மிக்ஸியும் அழும்.

"ஃபேன் மெதுவா சுத்துது."

கண்டென்சர். இது வேறு ஜாதி, பெரும்பாலும் வெடிக்காது. பிளாஸ்டிக் படலத்தில் எங்கே ஓட்டை விழுந்தாலும் அங்கே உலோகப் பூச்சு ஆவியாகித் தானே ஆறிக்கொள்ளும், ஆறி ஆறி 2.5 மைக்ரோஃபாரட் 1.5 ஆகியிருக்கும். மாற்றினால் சரி.

"பெல்ஜியம் கண்ணாடி விளக்குல எல்இடி போட்டா மாசத்துக்கொண்ணு போகுது."

மூடிய கண்ணாடிக்குள் சூடு வெளியேற வழி இல்லை. எல்இடி சில்லு அதைத் தாங்கினாலும், அடியில் இருக்கிற குட்டிக் கண்டென்சர் தாங்காது. 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதி. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று போட்ட கண்டென்சர் 65 டிகிரியில் 32,000 மணி நேரம் போகும், 85 டிகிரி என்றால் 8,000. மட்டமான சரக்கில் இந்தக் கணக்கும் கிடையாது. வாட்டைக் குறையுங்கள், 9 வாட்டுக்குப் பதில் 3 வாட் போடுங்கள், அந்தக் கண்ணாடிக்கு அந்த வெளிச்சம்தான் அழகும்கூட.

"போன் பேட்டரி உப்பியிருக்கு. ஊசியால குத்திக் காத்தை எடுத்துடலாமா?"

ஐயோ, வேண்டாம். உள்ளே இருப்பது தீப்பிடிக்கிற திரவம், பிளஸ் தாளுக்கும் மைனஸ் தாளுக்கும் நடுவே மெல்லிய ஒரு பிரிப்பான் மட்டும். ஊசி அதைத் துளைத்தால் ஷார்ட், சூடு, சூட்டில் இன்னும் சூடு. 2016 இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்களை மொத்தமாகத் திரும்பப் பெற வேண்டிவந்தது பேட்டரிக்குள் நடந்த ஷார்ட்டால்தான், அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி. உப்பியதைச் சார்ஜ் போடாமல், மணல் வாளியில் வைத்து வாசலுக்குக் கொண்டுபோங்கள். கார்ட்லெஸ் டிரில் பேட்டரியும் இதே குடும்பம். சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டியில் வைத்துவிட்டு, எடுத்த சூட்டோடு சார்ஜரில் செருகாதீர்கள், ஆற விடுங்கள்.

"இன்வெர்ட்டர் பேட்டரிக்குச் சம்பை ஊற்றுத் தண்ணி ஊத்தலாமா? நல்ல தண்ணிதானே?"

குடிக்க நம் ஊர்ச் சம்பை ஊற்றைவிட நல்ல தண்ணீர் இல்லை, அதில் எனக்கும் பெருமைதான். ருசி வருவதே அதில் கரைந்திருக்கிற உப்புகளால், அந்த உப்புதான் பேட்டரித் தட்டுக்கு ஆகாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும். மாடிப்படி அடியில் காற்றோட்டம் இல்லாமல் வைத்திருப்பதையும் மாற்றுங்கள், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். டெர்மினலைக் கழற்றும் முன் இன்வெர்ட்டரையும் சார்ஜையும் அணையுங்கள்.

"மைக்ரோவேவ் ஓவன் பார்ப்பீங்களா?"

பார்க்க மாட்டேன். உள்ளே 2,000 வோல்ட்டுக்கு மேல், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் உட்கார்ந்திருக்கும். நீங்களும் திறக்காதீர்கள்.

"ரிப்பேர் பண்ணினதை முதல்ல ஒரு பல்பு வழியா போட்டுப் பாக்குறீங்களே, அது என்ன? நானும் செஞ்சுக்கலாமா?"

சீரிஸ் லாம்பு. 100 வாட் குண்டு பல்பை ஃபேஸ் ஒயரில் இடையில் கோத்துவிட வேண்டியது. போர்டு நன்றாக இருந்தால் பல்பு ஒரு கணம் மின்னி மங்கிவிடும், உள்ளே ஷார்ட் இருந்தால் பளிச்சென்று முழுதாக எரியும். பல்பு சூடானதும், எப்படி இருந்தாலும் அரை ஆம்பியருக்கு மேல் போகாது, அதனால் பெரும்பாலும் எதுவும் படார் ஆகாது. ஆனால் ஷாக் அடிக்காமல் இது காப்பாற்றாது, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எல்இடி பல்பு போட்டுச் செய்கிறேன் என்று சிலர் வருகிறார்கள், அது வேலைக்கு ஆகாது, இழை சூடாகத் தடை ஏறுகிற குண்டு பல்புதான் வேண்டும். அது இப்போது எலக்ட்ரிகல் கடைகளில் தேடினாலும் கிடைப்பதில்லை. கோழிக்குஞ்சு வளர்க்கிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடையில் கேட்டுப் பாருங்கள், நான் அங்கேதான் வாங்குகிறேன்.